பேரிங் மாற்றியும் இடது சக்கரம் சுடுகிறது: யாரை நம்புவது?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் வசிக்கிறேன். பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தினமும் காரில்தான் போய்வருகிறேன். ஒன்பது வருடப் பெட்ரோல் வண்டி, சிறிய ஹேட்ச்பேக்; முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். இரண்டு மாதத்துக்கு முன் முன்பக்கப் பிரேக் பேட் மாற்றினோம். அதன்பின் குடும்பத்தோடு வால்பாறை போய்த் திரும்பினோம். ஆழியாறு பக்கம் இறங்கும்போது கருகல் வாடை வந்தது. மலை இறங்கினால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். இப்போது சமதளத்திலும் வருகிறது. காலையில் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு வண்டி இழுக்கச் சிரமப்படுகிறது, ஸ்டீயரிங் இடதுபக்கம் போகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. பள்ளியில் நிறுத்தி இறங்கினால் முன் இடது சக்கரத்தில் வாடை. பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. வீல் கப் ஓரம் இளகி நெளிந்துவிட்டது. மாலையில் வண்டியை எடுக்கும்போது மறுபடி நன்றாக இருக்கிறது. பேட் மாற்றிய இடத்தில், "புதுப் பேட், போகப்போகச் சரியாகிடும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பேரிங் என்று சொல்லி மாற்றினார்கள், குறையவில்லை. மூன்றாவது இடத்தில் இரண்டு பக்கமும் காலிப்பர், டிஸ்க், பேட், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். பேரிங் போட்டவர் ஏமாற்றிவிட்டாரா? யாரை நம்புவது? அதுவரை வண்டியை மெதுவாக ஓட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டாதீர்கள். மெதுவாகவும் வேண்டாம். பழுது தீரும்வரை பொள்ளாச்சிக்குப் பேருந்தில் போய்வாருங்கள்.

வாடைக்காகவோ பேட் தேய்ந்துபோகும் என்பதற்காகவோ இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லவில்லை. உங்கள் கால் அழுத்துவதைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். பெரும்பாலான சிறிய கார்களில் டாட் 3 அல்லது டாட் 4 வகை இருக்கும். புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு நான்கு பங்குகூடத் தண்ணீர் சேர வேண்டியதில்லை, அதற்குள்ளாகவே கொதிநிலை டாட் 3-க்கு 140 டிகிரி, டாட் 4-க்கு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். வெளியே இருக்கும் வீல் கப் பிளாஸ்டிக்கே இளகுகிறது என்றால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை ஒட்டி உட்கார்ந்து, பேடை அதன்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசியுங்கள். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். பெடல் சட்டென்று கீழே இறங்கும். இருந்த பிரேக்கில் பெரும்பகுதி காணாமல் போகும். காலையிலிருந்து பிரேக் அதிகமாகப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி, பொள்ளாச்சிக்குள் நுழையும்போது பிரேக் பிடிக்காத வண்டியாக மாறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இனி பழுதுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நல்ல தடயங்கள் இருக்கின்றன. மூன்று பட்டறைகளிலும் யாராவது உங்களை உட்காரவைத்து இதையெல்லாம் கேட்டிருந்தால் பேரிங் செலவு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே ஸ்டீயரிங் இடதுபக்கம் போகிறது. இடது சக்கரத்தில் பிரேக் விடவில்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. காற்றழுத்தம் குறைந்தாலும், அலைன்மென்ட் கெட்டாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆனால் அவை முதல் கிலோமீட்டரிலிருந்தே இழுக்கும், சக்கரத்தை இப்படிச் சுடவைக்காது. உங்களுக்கோ ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தொடங்குகிறது. பிறகு வண்டி சும்மா நிற்கும்போது தானாகச் சரியாகிவிடுகிறது. "மாலையில் நன்றாக இருக்கிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மிக முக்கியமாகப் பட்டது. போன பேரிங் மாலைக்குள் குணமாகாது.

டிஸ்க் பிரேக் எப்படி விடுபடுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மெக்கானிக்கிடம் பேச வசதியாக இருக்கும். பிடிப்பது எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் உட்பக்கப் பேடை டிஸ்கின் மேல் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பரே 'பின்' எனப்படும் இரண்டு உருளைக் கம்பிகளின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் டிஸ்கின் மறுமுகத்தில் அழுத்துகிறது. விடும்போது நடப்பதுதான் நுட்பமானது. டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் இதில் ஷூவைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னேறும்போது அந்த ரப்பர் லேசாக வளைந்துகொடுக்கும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும், கூடவே பிஸ்டனையும் பின்னால் இழுத்துக்கொள்ளும். அது இழுக்கும் தூரம் மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அந்த மயிரிழை இடைவெளிதான் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றுவதற்கும் கருகுவதற்கும் நடுவில் இருப்பது. பிஸ்டன் துருப்பிடித்தால் அது கிடைக்காது. பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகினாலும் கிடைக்காது. ஆயில் திரும்பிப்போக வழியில்லாவிட்டாலும் கிடைக்காது.

பேட் மாற்றிய பிறகுதான் தொல்லை தொடங்கியது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பேட் மாற்றுவது சின்ன வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டறையில் அதை அவசரமாகச் செய்வதும் அதனால்தான். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. காலிப்பரைக் கழற்றியதும் கம்பி போட்டுச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பல இடங்களில் அப்படியே ஆயில் வரும் ஹோஸிலேயே தொங்கவிட்டுவிடுவார்கள். இரும்புக் காலிப்பரின் முழுப் பாரமும் ஒன்பது வருடம் பழகிய ரப்பர் ஹோஸின் மேல் விழும்; ஹோஸ் வளைந்து, உள்ளடுக்கு ரப்பர் பிய்ந்துபோகலாம். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது.

அடுத்தது பிஸ்டன். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். தூசி மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால், வெளியே நின்ற பகுதியில் துரு ஏறியிருக்கும். புதுப் பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனைப் பழையபடி உள்ளே தள்ளுவார்கள். அந்தத் துருவேறிய பகுதி நேராகச் சீலுக்குள் போய் உட்காரும். அதன்பின் ரப்பர் எவ்வளவு இழுத்தாலும் பிஸ்டன் அசையாது. பின்களுக்குப் போட வேண்டியது சிலிக்கான் வகைப் பிரேக் கிரீஸ். கைக்கு எட்டிய சாதாரண மஞ்சள் கிரீஸைப் பூசிவிட்டால் ரப்பர் புஷ் ஊதிப்போய்ப் பின்னை இறுக்கிக்கொள்ளும். பேட் உட்காரும் தாடையில் துருவைச் சுரண்டாமல் புதுப் பேடைத் தட்டி ஏற்றினால், அதுவும் நகராமல் மாட்டிக்கொள்ளும்.

இவற்றில் உங்கள் வண்டியில் எது? வண்டியைப் பார்க்காமல் முடிவு சொல்வது முறையல்ல. ஆனால் என் சந்தேகம் எதன் மேல் என்று கேட்டால் முதலில் ஹோஸ், அடுத்தது பிஸ்டன், அதற்குப் பிறகுதான் காலிப்பர் பின். காரணம் அந்த மாலை நேரத்துக் குணம்தான். உள்ளடுக்கு பிய்ந்த ஹோஸ் சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி வேலை செய்யும்: பம்ப் அடித்தால் உள்ளே போகும், திரும்பி வராது. நீங்கள் கால் வைத்து அழுத்தும் அழுத்தத்துக்கு ஆயில் காலிப்பருக்குள் போய்விடுகிறது. காலை எடுத்ததும் அதைத் திரும்ப அனுப்ப ரப்பர் சீலின் சின்ன விசை போதவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் உள்ளே தேங்குகிறது. பேட் உரசுகிறது, சூடாகிறது; மாட்டிக்கொண்ட ஆயில் சூட்டில் விரிகிறது, அதனால் இன்னும் இறுக்குகிறது. பள்ளியில் வண்டி நிற்கும் ஏழெட்டு மணி நேரத்தில் ஆயில் மெதுவாகக் கசிந்து திரும்பிவிடுகிறது. மாலையில் வண்டி பழையபடி. காலிப்பர் பின் இறுகியிருந்தால் காலை, மாலை என்று பார்க்காமல் உரசிக்கொண்டே இருக்கும்; துருப்பிடித்த பிஸ்டனும் பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டாவது பட்டறைக்காரர் ஏமாந்த இடமும் இதுதான் என்று படுகிறது. ஆறிய வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றியிருப்பார், லேசாகச் சுற்றியிருக்கும். பிரேக் நன்றாக விடுகிறது, ஆனால் சக்கரம் சுடுகிறது, அப்படியானால் பேரிங் என்று முடிவு கட்டியிருப்பார். ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். பிரேக் சூட்டில் பேரிங் கிரீஸ் இளகிக் கெடுவதும் உண்டு, ஆகவே பழைய பேரிங் உண்மையிலேயே கொஞ்சம் பழுதாகியும் இருந்திருக்கலாம். ஆனால் பேரிங்தான் மூலக்காரணம் என்றால் சத்தம் சொல்லியிருக்கும். வேகம் கூடக்கூட ஒரு ஹூங்கார ஒலி ஏறும். வளைவில் ஒருபக்கம் திருப்பினால் கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். சுற்றிவிட்டுச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் விரலை வைத்தால் கரகரப்பு கைக்கு ஏறும். உங்கள் கடிதத்தில் சத்தம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய சோதனை. ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். பாதுகாப்பாகச் செய்யத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். வீட்டில் நீங்களே முயல வேண்டாம். வண்டியை ஓட்டிச் சூடாக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இராது. முன் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும், வெறும் ஜாக்கியை நம்பி அல்ல. எஞ்சினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தமாக மிதித்து விட வேண்டும். கடைசியாகக் காலை எடுத்த உடனே இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். வலது சுற்றி, இடது இறுகி நின்றால் பழுது கையில் சிக்கிவிட்டது.

அந்த இறுகிய நிலையிலேயே, காலிப்பரின் பின்பக்கம் ஆயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் பிளீடிங் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயில் அழுத்தத்தோடு சீறி வந்து, சக்கரமும் சட்டென்று விடுபட்டால், காலிப்பருக்குள் ஆயில் மாட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். காலிப்பர் மேல் குற்றமில்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் ஆயிலில் கோளாறு இல்லை. பிஸ்டனோ, பின்னோ, பேட் உட்காரும் இடமோ இறுகியிருக்கிறது. ஒரு ஸ்பேனர், ஒரு துண்டு டியூப், ஐந்து நிமிடம். பழுது ஆயில் பாதையிலா, காலிப்பரிலா என்று தெரிந்துவிடுகிறது. இதைச் செய்யாமல் பொருள் மாற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் சொல்வது ஊகம்தான்.

ஆயில்தான் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் இன்னொரு படி இருக்கிறது. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்து, சக்கரத்தை இறுக வைக்க வேண்டும். இந்த முறை, ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுகிறது என்றால் அடைப்பு நடுவில் இருக்கும் ஹோஸில். அங்கே தளர்த்தியதுமே விட்டுவிட்டால், அடைப்பு அதற்கும் மேலே, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பக்கம் தேட வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட கோளாறு ஒரு சக்கரத்தோடு நிற்பது அபூர்வம். முன்சக்கர இழுவை கொண்ட பெரும்பாலான கார்களில் முன் இடதும் பின் வலதும் ஒரே ஆயில் பாதையில் இருக்கும்; மாஸ்டர் சிலிண்டரில் அந்தப் பாதை அடைத்தால் பின் வலது டிரம்மும் சுட்டிருக்க வேண்டும்.

சோதனை காலிப்பர் பக்கம் கைகாட்டினால் கழற்றிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு பேடையும் கையில் வாங்கித் தடிமனை ஒப்பிட்டுப் பாருங்கள். உட்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் திரும்பவில்லை. வெளிப்பக்கப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால், அல்லது ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்தும் மறுமுனையில் தடித்தும் இருந்தால், பின்களைச் சந்தேகிக்க வேண்டும். நல்ல பின் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். சுத்தியல் தேவைப்பட்டால் அதுதான் பழுது. பிஸ்டனைச் சி-கிளாம்ப் வைத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு தள்ளினால் சீராக உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது பட்டறை சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினால் என்ன ஆகும்? பழுது தீர்ந்துவிடும், ஏனென்றால் கெட்ட பொருளும் அந்தப் பட்டியலுக்குள் எங்கேயோ இருக்கிறது. ஆனால் எது கெட்டது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. காலிப்பர் பின் மட்டும்தான் என்றால் சுத்தம் செய்து, சரியான கிரீஸ் போட்டு, ரப்பர் பூட் மாற்றினால் போதும். பிஸ்டன் என்றால் சீல் கிட் கிடைக்கும். பிஸ்டனிலோ உருளையிலோ துருக்குழி விழுந்திருந்தால் மட்டும் காலிப்பர் மாற்ற வேண்டும். ஹோஸ் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே வயது. முழுக் காலிப்பர் விலையோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் சிறு செலவு. மாற்றும் ஒவ்வொரு பழைய பொருளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நேர்மையான மெக்கானிக் அதைத் தானே எடுத்துக் காட்டுவார்.

எது பழுதாக இருந்தாலும் சில வேலைகளைத் தவிர்க்க முடியாது. பிரேக் ஆயிலை முழுதாக இறக்கிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். மேலே கொஞ்சம் நிரப்பினால் போதாது. எந்த வகை என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து விட்டுவிடக் கூடாது. வண்டி நின்றாலும் ஈரம் ஏறும். பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது கருகி இறுகிவிட்டது, முன் இரண்டு பக்கமும் புதிது போட வேண்டும். டிஸ்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கடைவதாக இருந்தால் கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். புதுப் பேரிங்கும் இந்தச் சூட்டில் ஓடியிருக்கிறது, அதையும் ஒருமுறை சுற்றிக் கேட்க வேண்டும். டயரின் உட்பக்கச் சுவரையும் டியூப்லெஸ் வால்வு ரப்பரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்கள் கேட்டுப் பார்க்க வையுங்கள்.

"மலை இறங்கினால் அப்படித்தான்" என்று நினைத்ததற்கு உங்களைக் குறைசொல்ல மாட்டேன், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதன் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 700 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், அதே கார் 80 கி.மீ. வேகத்தில் வந்து முழுதாக நிற்பதைப்போல் 25 முறைக்கும் மேல். இரண்டாம் கியரில், தேவையான இடத்தில் ஒன்றில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இறங்குகிறவர்கள் அத்தனையையும் பேட் மேல் ஏற்றுகிறார்கள். பெட்ரோலும் மிச்சமாவதில்லை, இன்றைய வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இஞ்செக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். முறையாக இறங்கினால் வாடை வரக் கூடாது. வந்தாலும் முன் இரண்டு சக்கரத்திலும் சமமாக வந்து, கீழே போய் ஆறியதும் நின்றுவிட வேண்டும். உங்களுக்கு ஒரு சக்கரத்தில் மட்டும் வருகிறது, சமதளத்திலும் வருகிறது. ஏற்கெனவே இருந்த பழுதை மலை பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்சக்கரம் சுட்டால் தேட வேண்டிய இடம் வேறு: ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது டிரம்மில் ஷூவை அதிகம் நெருக்கி வைத்திருப்பார்கள், அல்லது உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கும். முன் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுட்டால் பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு மாட்டியிருப்பதையும் பாருங்கள். எல்லாக் கருகல் வாடையும் பிரேக் அல்ல. ஏற்றத்தில் நெரிசலில் அரைக் கிளட்சில் நின்றால் கிளட்ச் பிளேட் வாடை வரும். சைலன்சர் குழாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலும் வரும். அறுவடைக் காலத்தில் ராகித் தாளையும் கொள்ளுச் செடியையும் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஏறிப் போனால் தாள் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். அப்படிக் கார்கள் எரிந்திருக்கின்றன. தாள் பரப்பிய இடத்தைத் தாண்டியதும் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.

சாலையில் போகும்போது சக்கரம் புகைந்தால், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் வெடிக்கலாம், கோணிக்கொள்ளலாம். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டயருக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டாம். வீல் நட்டையும் தொட வேண்டாம். தீயே பிடித்துவிட்டால் எல்லோரையும் இறக்கித் தள்ளி நின்று 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் வேலை முடிந்து வண்டி வந்ததும், பட்டறையின் வார்த்தையோடு விட்டுவிடாமல் நீங்களே சரிபார்க்கலாம். புதுப் பேட் போட்டிருந்தால் முதலில் அதைப் பழக்க வேண்டும்: கூட்டமில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து பத்துக்கு மிதமாகக் குறைத்து, கொஞ்சம் ஓடி ஆறவிட்டு, மறுபடி குறைத்து, ஏழெட்டு முறை. அப்போது லேசாக வாடை வரலாம். புதுப் பேட் வாடை என்று முதல் பட்டறையில் சொன்னது இதைத்தான். ஆனால் அது இரண்டு பக்கமும் வரும், சில நாளில் நின்றுவிடும், ஸ்டீயரிங்கை இழுக்காது. அதெல்லாம் முடிந்து நன்றாக ஆறிய பிறகு, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டி நிறுத்துங்கள். முன் இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மெக்கானிக்கிடம் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் டெம்பரேச்சர் கன் இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்கின் பளபளப்பான முகத்தில் காட்டினால் அளவு குறைத்துக் காட்டும், மங்கலான நடுப்பகுதியில் காட்டச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்கு உதவாது. அது உடல் சூட்டின் அளவுக்கு மட்டும் செய்தது.

பேரிங் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பேரிங் அவரிடம் இன்னும் இருந்தால் போய்க் கேட்டு, கையில் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் அந்தச் செலவு வீண் அல்ல. வழுவழுவென்று சுற்றினால், சோதனையில் கண்டதைச் சொல்லி, கூலியையாவது திருப்பித் தரும்படி உரிமையோடு கேளுங்கள். நிப்பிளைத் திறந்தபோது சக்கரம் விட்டதா இல்லையா என்பதை எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஹோஸ் இல்லையென்றால் அடுத்து என்ன பார்ப்பது என்று அப்போது சொல்கிறேன்.